நாணயம் படமெடுக்கப் புதிய கேமரா வேண்டுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று முதலில் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்.

“ஐயா, என் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிஸ்கட் டப்பா ஒன்றில் அவர் சேர்த்துவைத்த நூற்றைம்பது காசுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் வெள்ளி ரூபாய்கள். இரண்டு ராஜராஜன் காசுகள், பொட்டு அளவில் ‘பணம்’ என்ற பழைய தங்கக் காசு ஒன்று. எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க ஆசை. 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. வெள்ளி ரூபாய் சாம்பல் பூத்தது போல விழுகிறது. ராஜராஜன் காசு வெறும் செப்புத் தகடாகத் தெரிகிறது. புதிய கேமரா வாங்கட்டுமா, மேக்ரோ லென்ஸ் போதுமா, ரிங் லைட் வாங்கலாமா?”

தம்பி, இப்போதைக்குப் பர்ஸைத் திறக்காதீர்கள். உங்கள் கேமரா நல்ல கேமராதான். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே விளக்கை வைத்த இடத்தால் வருபவை. கடையில் இதைக் கேட்டால் கேமராவைத்தான் காட்டுவார்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்கு இன்று கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இதோ, என் மேசையில் ஒரு ராஜராஜன் காசு. குறுக்களவு ஏறத்தாழ இருபது மில்லிமீட்டர். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், டியூப்லைட்டையும் அணைத்துவிட்டேன். இப்போது எரிவது இந்த மேசை விளக்கு ஒன்றுதான். காசுக்கு நேர் மேலே பிடிக்கிறேன். திரையில் என்ன தெரிகிறது? பழுப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். இனி விளக்கை மெல்லச் சாய்த்துக் கீழே கொண்டுவருகிறேன். மேசையிலிருந்து முப்பது பாகை உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாழ்த்துகிறேன். பார்த்தீர்களா, அமர்ந்திருக்கும் உருவத்தின் முழங்கால் மடிப்பு எழுந்து வருகிறது. அதன் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. ஆயிரம் ஆண்டு தேய்ந்த எழுத்து. நான் கேமராவைத் தொடவே இல்லை, விளக்கை மட்டும்தான் நகர்த்தினேன்.

தேய்ந்த செம்பில் மேடு பள்ளம் தலைமயிர் கனம்தான் மிஞ்சியிருக்கும். மேலிருந்து விழும் வெளிச்சம் அந்த மேட்டுக்கு நிழல் தராது. நிழல் இல்லையென்றால் கண்ணுக்கு உருவம் கிடையாது. ஆகவே தேய்ந்த செம்புக் காசுக்கு ஒரே விளக்கு, தாழ்ந்த கோணம். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்திவைத்தால் நிழல் அடியோடு கறுத்துப் போகாது.

விளக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். காசைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் எங்கு இருந்தாலும் சரி. அதையே ஆறு மணிப் பக்கம், அதாவது உருவத்தின் கால் பக்கம் கொண்டுபோகிறேன். இப்போது புடைத்திருந்த எழுத்துகள் குழிந்துபோனது போலத் தெரிகின்றன அல்லவா? வெயில் மேலிருந்து வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் மேட்டைப் பள்ளம் என்று படித்துவிடுகிறது. விற்பனைக்கு வரும் பல படங்களில் இந்தத் தவறு இருக்கிறது. காசு ஏதோ அச்சில் வார்த்த போலி போலத் தோன்றும், காரணம் யாருக்கும் புரியாது.

இனி வெள்ளி. இது 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. 1911 காசில் அதன் துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றி என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள், எதிர்ப்பு எழுந்தது. 1912-இல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் டப்பாவில் 1911 இருந்தால், அந்தத் துதிக்கை தெளிவாக விழ வேண்டும். அது தெரியாத படத்தை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

தேயாத வெள்ளிக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி வழிந்தபோது விழுந்த மிக நுண்ணிய கோடுகள்தான் அதற்குக் காரணம். தாழ்ந்த விளக்கில் அது தெரியாது. இரண்டு சிறிய விளக்குகளைப் பத்து மணியிலும் இரண்டு மணியிலும் வைத்து, லென்ஸை முட்டிவிடுமோ என்ற அளவுக்கு உயர்த்துங்கள். விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டாதீர்கள். ஒளியை மென்மையாக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு அது சரி. வெள்ளியில் அப்படிச் செய்தால் மினுமினுப்பு செத்துப்போய், நீங்கள் எழுதியிருக்கும் அதே சாம்பல் பூத்த தோற்றம்தான் கிடைக்கும். விளக்கை வைத்த பிறகு காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் முகம் மலர்ந்துவிடும். அங்கே நிறுத்துங்கள். எடுத்த படத்தைப் பிறகு கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

ரிங் லைட் வேண்டாம். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளிச்சம் விழுந்தால் நிழலே இருக்காது. பளபளப்பான காசில் அந்த வளையமே வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணாடி போன்ற பரப்புடைய புரூஃப் நாணயங்களைப் பற்றி வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கண்ணாடிக் கடையில் போட்டோ பிரேமுக்குப் போடும் மெல்லிய கண்ணாடியில் ஒரு துண்டு வாங்கி, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 பாகை சாய்வில் நிறுத்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். கண்ணாடியில் பட்ட ஒளி நேராகக் காசின் மேல் இறங்கி, அதே வழியில் லென்ஸுக்குத் திரும்பி வரும். பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் காசுக்குப் போய்ச் சேரும், ஆகவே படமெடுக்கும் நேரம் நீளும். நீளட்டும், காசு எங்கேயும் ஓடப்போவதில்லை. விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும். நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை காசில் அப்படியே விழும்.

பல்பு வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, 90-க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் செம்பின் சிவப்பு செத்துவிடும். கடையிலேயே எரியவைத்து கைபேசிக் கேமராவை நெருக்கமாகக் காட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்பு துடிக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். இரண்டு பல்பும் ஒரே வகையாக இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கையும் கலக்காதீர்கள். பாதிக் காசு நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வந்தால் அதைத் திருத்தவே முடியாது.

லென்ஸுக்கு வருகிறேன். உங்கள் 18-55 லென்ஸை 55-இல் வைத்து எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கினால், பொருளின் மூன்றில் ஒரு பங்கு அளவு, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் விழும். வெள்ளி ரூபாயின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர். அது சென்சாரில் பத்து மில்லிமீட்டராக இறங்கும். உங்கள் சென்சாரின் உயரம் ஏறத்தாழ பதினாறு மில்லிமீட்டர்தான். கணக்குப் பார்த்தால் காசின் குறுக்கே 2,500 பிக்சல் வருகிறது. ஒரு பக்கம் முழுக்க அச்சிடவே அது போதும். ஆக, டப்பாவில் பெரும்பகுதிக்கு உங்களிடம் இருக்கும் லென்ஸே போதும். தங்கப் பணத்தின் கதை வேறு. அது ஆறேழு மில்லிமீட்டர்தான் இருக்கும், இந்த லென்ஸில் ஐந்நூறு பிக்சல்தான் தேறும். அதற்கு, மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம். லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்துகிறது, அதனால் இன்னும் நெருங்க முடிகிறது. மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்ற முடியாது. பிற்காலத்தில் மேக்ரோ வாங்குவதென்றால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ளதாக வாங்குங்கள். குவியத்தூரம் குறைந்த மேக்ரோ காசின் மேலேயே கவிழ்ந்து நிற்கும், விளக்கு நுழைய இடம் இருக்காது. இதற்காகத்தான் கைபேசியில் எடுப்பவர்களுக்கும் மேக்ரோ பொத்தானைத் தொடாதீர்கள் என்று சொல்கிறேன். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேமரா நேர்செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் வட்டம் முட்டையாகிவிடும், ஒரு பக்கத்து எழுத்து கலங்கிவிடும். இதற்கு ஒரு வழி சொல்கிறேன். காசு வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் படுக்கவைத்து, கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். நடுவில் வந்துவிட்டால் சாய்வு இல்லை என்று பொருள். இனி ஸ்டாண்டைத் தொடாதீர்கள்.

செட்டிங் எளிது. மேனுவல் முறை, ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8. துளையை எஃப் 16, 22 என்று சுருக்கிக்கொண்டே போனால் எல்லாம் தெளிவாகும் என்று நினைப்பார்கள். நெருங்கி எடுக்கும்போது துளை தானாகவே இன்னும் சிறியதாக வேலை செய்யும், ஒளி சிதறி முழுப் படமும் மெழுகு பூசியது போல ஆகிவிடும். ஷட்டர் கால் நொடியானாலும் பரவாயில்லை. ஆனால் பொத்தானை விரலால் அழுத்தியவுடன் படம் எடுக்கக் கூடாது, இரண்டு நொடி டைமர் போடுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பை அணைத்துவிடுங்கள். ஃபோகஸைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் வையுங்கள். நிறத்துக்கு, காசு இருக்கும் இடத்தில் சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், அதில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்த்திருப்பதால் நிறத்தை இழுத்துவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமியுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபேன் ஓடினால் ஸ்டாண்டு அதிரும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வியர்வை வழியும். நான் தொடங்கிய காலத்தில், நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்த செம்புக் காசை வியர்த்த விரலால் முகத்தில் பிடித்துவிட்டேன். அன்று எதுவும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து என் விரல் ரேகை அதில் கறுப்பாக எழும்பியிருந்தது. இன்றும் அந்தக் காசில் அது இருக்கிறது. விளிம்பைத் தவிர வேறெங்கும் தொடாதீர்கள். கையைத் துடைத்துக்கொண்டே இருங்கள். அதிகாலையில் உட்கார்ந்தால் இருபது காசு எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள், கடற்காற்று ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

படத்தில் நன்றாக விழட்டும் என்று வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்க்கவோ விபூதி போட்டுத் துலக்கவோ முன்வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். செம்பின் மேல் படிந்த அந்தப் பழுப்பு உருவாக நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. தேய்த்த காசைப் பழைய நிலைக்குக் கொண்டுவர யாராலும் முடியாது.

ஒவ்வொரு காசுக்கும் இரண்டு பக்கமும் எடுங்கள். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து ஒரு படம் கூடுதலாக எடுங்கள். எடையையும் எழுதிவையுங்கள். முதலில் அந்த இரண்டு ராஜராஜன் காசுகளில் ஒன்றை எடுங்கள். விளக்கைப் பத்து மணியில் வைத்து, உயரத்தை மட்டும் மாற்றி மூன்று படம். அந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த முறை திரையில் போட்டுப் பேசுவோம்.