உதிர்ந்தால்தான் கிரம்பிள்

வணக்கம் நேயர்களே.

இங்கே இங்கிலாந்தில் மார்கழி மாதம் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து குளிரில் நடந்து வந்து கதவைத் திறக்கும்போது, அப்பிளும் கறுவாவும் ஓவனுக்குள் வேகிற வாசம் வந்தால் எப்படி இருக்கும்! அப்பிள் துண்டுகளின் மேல் உதிரி மா தூவி ஓவனில் சுடுகிற இனிப்பு, அந்த அப்பிள் கிரம்பிளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம்மவர்கள் பலர் இதைக் கடையில் பெட்டியாக வாங்கிவிடுகிறார்கள். கேக் மாதிரி அளவு பிசகாமல் செய்ய வேண்டும் என்று ஒரு பயம். புட்டுக்கு மா குழைத்துப் பழகிய கைக்கு அந்தப் பயமே வேண்டாம்.

முதலில் அப்பிள். சமையலுக்கென்றே இங்கே விற்கிற பச்சை நிறப் பெரிய பிராம்லி அப்பிளை வாங்குங்கள். புளிப்பு அதிகம்; வெந்தால் பஞ்சு போல் குழைந்துவிடும். நொட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில், 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையில் முளைத்த மரம்தான் இதற்கெல்லாம் தாய்மரம். பிறகு அந்த வீட்டை வாங்கிய மத்தியூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் பெயர் பழத்துக்கு வந்துவிட்டது. விதை போட்ட பிள்ளையின் பெயர் நிற்கவில்லையே என்று ஒவ்வொரு முறை தோல் சீவும்போதும் எனக்கு மனசு கேட்காது.

ஆறு பேருக்கு 900 கிராம் பழம் போதும். துண்டுகளாக வெட்டி, 80 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள் சேர்த்துத் தட்டில் பரப்புங்கள். ஊரிலிருந்து வந்த கறுவா இருந்தால் அதையே இடித்துப் போடுங்கள். வாசம் வேறு மாதிரி.

இனி மேல்மா. 200 கிராம் கோதுமை மா, 100 கிராம் வெண்ணெய். புட்டுக்கு அவித்து வைத்திருக்கும் மா இதற்கு வேண்டாம், அவிக்காத மாதான் வேண்டும். வெண்ணெய் பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக, கல் போல் இருக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்துத் தேய்த்து மேலே தூக்கி விடுங்கள். உள்ளங்கை படக்கூடாது. உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகினால் மா களியாகிவிடும். வெந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கோடு தகடு போல இறுகும். கை சூடாக இருந்தால் குழாய்த் தண்ணீரில் நனைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் மாவில் விழக்கூடாது.

பதம் எப்படித் தெரியும்? அம்மம்மா புட்டுக்குச் சொன்னதேதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். புட்டு மாவில் கட்டி இருந்தால் சுண்டுப் பேணியால் கொத்துவோம். இதில் கொத்தாதீர்கள். பயறளவுக் கட்டிகள் அங்கங்கே கிடந்தால்தான் கடிக்க மொறுமொறுப்பு. பிறகு 100 கிராம் மண்ணிறச் சீனியைக் கலந்து, பழத்தின் மேல் தூவுங்கள். தூவுவதோடு சரி. நான் முதன்முதல் செய்தபோது கரண்டியால் அழுத்திச் சமப்படுத்தினேன். மேலே ரொட்டி மாதிரி ஒரு மூடி, கீழே ஆவி வெளியேற வழியில்லாமல் அதன் அடிப்பக்கம் வேகாத மா.

180 பாகையில் 40 நிமிடம். ஓரங்களில் பழச்சாறு கொதித்துப் பொங்கி வரும், மேலே பொன்னிறம். அதுதான் அடையாளம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் இது இந்நாட்டு வீடுகளில் பரவியது என்று சொல்வார்கள். 1940 ஜனவரி 8ஆம் திகதி வெண்ணெயும் சீனியும் பங்கீட்டுக்கு வந்தன. சில காலம் ஆளுக்கு வாரத்துக்கு 57 கிராம் வெண்ணெய்தான். அந்த வெண்ணெயில், பழத்தை மாவால் முழுதாக மூடிச் சுடுகிற ‘பை’ (pie) செய்வது எங்கே! பழத்தை மேலோட்டமாக மூடக் கொஞ்சம் மா போதும் என்பது அந்தப் பெண்களின் கெட்டித்தனம். பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற நம் ஊர் அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தை, மாசியில் அப்பிளுக்குப் பதில் ருபார்ப் போடலாம். யோர்க்ஷயரில் வேக்ஃபீல்ட் பக்கம் இருட்டுக் கொட்டகைகளில் வளர்த்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் பறிக்கிற இளஞ்சிவப்புத் தண்டு அது. புளிப்புக் கூட, அதனால் சீனியையும் கூட்டுங்கள்.

இறக்கியதும் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பழச்சாறு நாக்கைச் சுட்டுவிடும். பிறகு கோப்பையில் போட்டு, சூடான கஸ்டர்டை மேலே அல்ல, பக்கத்தில் ஊற்றுங்கள். கடைசிக் கரண்டி வரை அந்த மா ஊறாமல் இருக்கும்.

நன்றி, வணக்கம்.