எறும்பு ஊரக் கல்லும் தேயும்

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காகக் கதவைத் திறந்துவைத்த நூலகர் அம்மா அவர்களே, மைக்கும் நாற்காலியும் கொடுத்து உதவிய பந்தல்கார அண்ணன் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய புலவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அமெரிக்க நாவலாசிரியர் லூயிஸ் எர்ட்ரிக்கின் படைப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவருடைய மண், அவருடைய தாத்தா என்று இரண்டையும் சொல்லப்போகிறேன்.

1954இல் பிறந்தவர். அம்மா வழியில் ஓஜிப்வே பழங்குடி. 1984இல் 'லவ் மெடிசின்' என்ற முதல் நாவல் வந்தது. அதிலிருந்து நாற்பது ஆண்டுகளாக அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மண்ணுக்கே அவர் பேனா திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நாவலில் கிழவியாக வந்தவள் இன்னொன்றில் சிறுமியாக ஓடுவாள். 'தி ரவுண்ட் ஹவுஸ்' 2012இல் தேசியப் புத்தக விருது பெற்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படி ஊர்ந்தவர்.

அவருக்கு 2021இல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்த 'தி நைட் வாட்ச்மேன்' நாவலுக்கு வருகிறேன். 1953இல் அமெரிக்க நாடாளுமன்றம் 108ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பழங்குடிகளுக்கு விடுதலை தருவதுபோல எழுதியிருந்தார்கள். உண்மையில் ஒப்பந்தப்படி அவர்களுக்கு இருந்த உரிமைகளையும் நிலத்தின் பாதுகாப்பையும் பறிக்கிற வேலை. அந்தத் தீர்மானத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட கூட்டங்களில் ஒன்று வடக்கு டகோட்டாவின் டர்ட்டில் மவுண்டன் ஓஜிப்வே மக்கள். அவர்களின் குழுத் தலைவர் பேட்ரிக் கோர்னோ, எர்ட்ரிக்கின் தாத்தா. கைக்கடிகாரத்துக்குள் வைக்கிற சின்னக் கல் தாங்கிகள் செய்யும் ஆலையில் இரவுக் காவலாளி. ராத்திரி காவல், பகலில் போராட்டம். கடைசியில் அந்த மக்களை அரசாங்கத்தால் கலைக்க முடியவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஐயா!

நாவலாக எழுத இந்தக் கதை பேத்திக்கு எங்கிருந்து கிடைத்தது? தாத்தா அந்த நாட்களில் எழுதிய கடிதங்கள் குடும்பத்தில் பத்திரமாக இருந்தன.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். என் அப்பா வெளியூர் மில்லில் வேலை பார்த்தார். வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர். அம்மா எல்லாவற்றையும் கம்பியில் கோத்து அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்தார். அப்பா போனபின் ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். பழைய பேப்பர்காரர் வந்தார். கரிப்பிடித்த அந்தக் கத்தையையும் நானே தராசில் வைத்தேன். சந்தைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து வெறும் ஆணியைப் பார்த்தார். "எங்கடா அப்பா?" என்றுதான் கேட்டார். கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. ஓடினேன். அதற்குள் மூட்டை லாரி ஏறிவிட்டது. அப்புறம் பரண் மேல் ஒரே ஒரு கடிதம் அகப்பட்டது. 'சின்னவனுக்கு இருமல் நின்றதா, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வை' என்று எழுதி, இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பில் பக்கவாட்டில் மூன்று வரி. எங்கள் வீட்டில் அப்பாவின் கையெழுத்து இருப்பது அதில் மட்டும்தான்.

அதனால்தான் நான்கு வருடமாக இந்த நூலகத்தில் கடிதங்களுக்கென்று ஒரு பீரோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முன்வரிசையிலிருந்தே தலையசைத்துவிட்டார். அவருக்கு நம் நன்றி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சும்மா சொல்லவில்லை. பீரோ வரும்வரை நூலகர் அம்மா மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். தாத்தா பாட்டி கடிதம், கணக்கு நோட்டு, மனு நகல், எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். கையெழுத்து யாருடையது, எந்த வருடம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் செருகுங்கள். கரி பிடித்திருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள். முதல் கடிதமாக அப்பாவுடையதை இப்போதே போடுகிறேன்.