படம் இருக்கிறது, பெயர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் பித்தளை விளக்குகளும் வெண்கலச் சிலைகளும் விற்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். விளக்குகள் நாச்சியார்கோவில் பட்டறைகளிலிருந்து வருகின்றன, சிலைகள் சுவாமிமலையிலிருந்து. வந்ததைப் படம் எடுக்க ஏற்பாடு செய்வது, எடுத்ததைப் பத்திரப்படுத்துவது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஒரு கம்பெனி தன் படங்களையும் வீடியோக்களையும் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஒரு குத்துவிளக்கின் படத்தை மனதில் கொண்டுவாருங்கள். கீழே பாதம், நடுவில் தண்டு, அதற்கு மேல் எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சியில் அன்னம். பின்னால் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், அந்த விளக்கு என்ன உயரம்? ஒரு அடியா, நான்கு அடியா? படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. சின்ன விளக்கும் பெரிய விளக்கும் ஒரே அளவுப் பொருத்தத்தில்தான் செய்யப்படுகின்றன. பக்கத்தில் எழுதி வைக்காவிட்டால், எவ்வளவு நல்ல கேமராவில் எடுத்திருந்தாலும் அந்தப் படம் பாதி ஊமை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஒரு புது கேட்டலாக் அச்சடித்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் அதிலிருந்த ஒரு விளக்கைக் காட்டி நாற்பது வேண்டும் என்று ஆர்டர் கொடுத்து, முன்பணமும் கட்டிவிட்டார். பட்டறைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். பத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஏம்மா, இந்த அன்னத்தை நாங்க விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சே. அதோட மாதிரியும் இப்ப எங்ககிட்ட இல்லையே” என்றார். அப்புறம், “இது எத்தனை அடி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆபீசில் யாரிடமும் இல்லை.

கேட்டலாக் வடிவமைத்த தம்பியிடம் கேட்டேன். “அக்கா, வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்ததைத்தான் எடுத்துப் போட்டேன்” என்றான். அவன் மேல் தப்பே இல்லை. சரியான படம் எது என்று அவன் தேடிப் பார்க்க ஒரு இடமே நாங்கள் வைத்திருக்கவில்லை. படங்கள் முதலாளியின் போனில் கொஞ்சம், போட்டோகிராபரின் ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம், என் மேஜை இழுப்பறையில் பென் டிரைவுகளில் கொஞ்சம். கடைசியில் அந்த வியாபாரிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் மறுபடி எங்களிடம் வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் இதற்கென்றே இருக்கிற மென்பொருள் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக டேம் என்பார்கள். எங்கள் ஆபீசில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அணை ஞாபகம்தான் வந்தது. பட்டறையிலிருந்து வந்த ஒருவர் பத்தாயம் என்று சொன்னார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பொருத்தமான பெயர் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் பத்தாயம் இருந்தவர்களுக்குத் தெரியும், விதைநெல்லை யாரும் குத்திச் சாப்பிட மாட்டார்கள். அது தனியாக இருக்கும். இந்த மென்பொருளிலும் கேமராவிலிருந்து வந்த மூலப்படம் விதைநெல் மாதிரி. அதை யாரும் வெட்டவோ நிறம் மாற்றவோ முடியாது. இணையத்தில் போட வேண்டும் என்றால் அதிலிருந்து சின்னப் பிரதி ஒன்று எடுத்துத் தரும், அச்சாபீசுக்கு என்றால் பெரிய பிரதி. ஒருவர் திருத்தி மறுபடி ஏற்றினால், பழையதை அழிக்காமல் இரண்டாம் பதிப்பு என்று அதன் மேலேயே அடுக்கி வைக்கும். எது கடைசியாக ஒப்புதல் வாங்கியது என்பதில் குழப்பம் வராது. ஒரே கோப்பைத் தெரியாமல் இரண்டு முறை ஏற்றினாலும் கண்டுபிடித்துச் சொல்லும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது, அதனால்.

இதெல்லாம் மென்பொருளின் பங்கு. அடுத்தது நம் பங்கு.

ஒவ்வொரு படத்தோடும் ஒரு சீட்டு இருக்கிறது. பொருளின் பெயர், உயரம், எடை, உலோகம், செய்தவர், படம் எடுத்தவர், எடுத்த நாள், எடுத்த இடம், இந்தப் படத்தை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்கிற விவரம். இந்தச் சீட்டு பத்திரிகைக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். செய்தி நிறுவனங்களுக்காக 1965-இல் லண்டனில் ஐபிடிசி என்ற அமைப்பு தொடங்கியது. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், ஊர் ஆகியவற்றைப் படக் கோப்புக்கு உள்ளேயே எழுதி வைக்கும் முறையை 1990-களில் அவர்கள் நிலைப்படுத்தினார்கள். 2001-இல் அடோபி நிறுவனம் அதே வேலைக்கு எக்ஸ்எம்பி என்ற முறையைக் கொண்டுவந்தது. சீட்டு கோப்புக்குள்ளேயே ஒட்டியிருப்பதால் படம் எங்கே போனாலும் விவரமும் கூடப் போகும்.

கூடப் போகும் என்றேன், ஆனால் ஒரு இடத்தில் உதிர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, உள்ளே எழுதிய விவரமும் போய்விடுகிறது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போது மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். நாங்கள் இப்போது படத்தையே அனுப்புவதில்லை. பத்தாயத்திலிருந்து ஒரு லிங்க் அனுப்புகிறோம். பதினைந்து நாளில் அது தானாகக் காலாவதி ஆகிவிடும். யார் எந்தப் படத்தை எப்போது இறக்கிக்கொண்டார்கள் என்பதும் பதிவாகிறது.

சீட்டு எழுதுவதில் எங்களை அதிகம் படுத்தியது பெயர்தான். ஒரே விளக்கை விற்பனைப் பிரிவில் பெரிய அன்னம் என்பார்கள். பட்டறையில் மூன்றடி என்பார்கள். கணக்குப் பிரிவில் ஒரு நம்பர். இது போதாதென்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் குத்துவிளக்கு என்பதை ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். ஒருவர் த-வுக்கு ஹெச் போடுவார், ஒருவர் விடுவார், ஒருவர் இரண்டு க போடுவார். ஒரு விதத்தில் தேடினால் மற்ற விதங்களில் எழுதியவை வராது. படம் உள்ளேயே இருக்கும், இல்லை என்று மென்பொருள் சொல்லும். நாங்கள் மூன்று பிரிவுக்காரர்களையும் ஒரு நாள் உட்காரவைத்து, பொருளுக்கு ஒரே பெயர் என்று முடிவு செய்து, தமிழில் யூனிகோடில் அடித்து, மற்ற வழக்குப் பெயர்களையும் அதற்குக் கீழே இணைத்துவிட்டோம். இப்போது தட்டுகிறவர் எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வருவார். பெயரைத் தட்டவும் விடுவதில்லை, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் விடுகிறோம். யூனிகோடு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தலைப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு எழுத்துகள்தான். தேடினால் அகப்படாது. எங்களிடம் அப்படி அடித்த பழைய விலைப்பட்டியல்கள் ஏராளம். மாற்றி முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டைப் பாருங்கள். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் உத்தரவிட்டான். யார் கொடுத்தது என்பது முதல் விவரம். செப்புத் திருமேனி என்றால் பாதத்திலிருந்து தலைமுடி வரை இத்தனை விரல் உயரம், அதற்கு இத்தனை கைகள் என்று வெட்டியிருக்கிறார்கள். பொன் என்றால் எந்த எடைக்கல்லால் நிறுத்தது, அந்தக் கல்லுக்குப் பெயர் ஆடவல்லான் என்பது வரை இருக்கிறது. அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. சீட்டு இருக்கிறது, அதனால் அவை எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். மயிலாடுதுறைப் பக்கம் அனந்தமங்கலத்தில் ராஜகோபாலசாமி கோவில் இருக்கிறது. 1958-இல் அந்தக் கோவிலின் ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காகப் படம் எடுத்தார்கள். எந்தக் கோவில், எந்த ஊர், எந்த வருடம் என்று குறித்து வைத்தார்கள். 1978-இல் அந்தத் திருமேனிகள் களவு போயின. நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்து, சிலைகள் இங்கிலாந்தில் இருப்பது தெரியவந்தபோது, அந்த 1958 படங்களோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார்கள், அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்தப் படத்தில் ஊர்ப் பெயர் எழுதாமல் விட்டிருந்தால், அது ஏதோ ஒரு ராமர் என்பதோடு நின்றிருக்கும்.

நாங்கள் விற்பது புதுச் சிலைகள். ஆனாலும் இந்தப் பாடம் எங்களுக்குத் தினமும் வேலைக்கு ஆகிறது. சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அது 1972-ஆம் வருடச் சட்டத்தின்படி நூறு வருடப் பழமை உடைய தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படம் வேண்டும். மெழுகுப் பிரதிமை செய்தது, வண்டல் மண் பூசியது, வார்த்தது, உளி வைத்து நகாசு வேலை செய்தது என்று ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு எடுத்து ஒரே எண்ணின் கீழ் வைத்திருக்கிறோம். வாங்குகிறவரும் தன் வீட்டுக்கு வருகிற சிலை பிறந்த கதையைப் பார்க்க முடிகிறது.

அனுமதி விஷயத்தில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். பட்டறையில் ஒரு பெரியவர் அரம் பிடித்து ராவிக்கொண்டிருக்கும் படம் மிக அழகாக வந்திருந்தது. அதைப் பெரிதாக்கி விளம்பரப் பலகையில் போட்டுவிட்டோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் மகன் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறார். மறுநாள் பெரியவர் ஆபீசுக்கு வந்து கோபமாக ஒன்றும் பேசவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை. சட்டம் எங்கள் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் முகம் அவருடையது. இப்போது ஆள் தெரிகிற ஒவ்வொரு படத்தின் சீட்டிலும் அவரிடம் கேட்டது யார், எதற்கெல்லாம் சம்மதித்தார், எதுவரைக்கும் என்று எழுதாவிட்டால், அந்தப் படத்தை வெளியே பகிர மென்பொருள் விடாது. அப்படிப் பூட்டு போட்டிருக்கிறோம்.

செலவு பற்றிச் சுருக்கமாக. மாதச் சந்தா கட்டும் பெரிய மென்பொருள்கள் பல உண்டு. நாங்கள் ரிசோர்ஸ்ஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளை எடுத்தோம். ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் படங்களுக்காக முதலில் உருவானது, உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும் நிறுவித் தருகிறவருக்கும் மட்டும் காசு. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு இதுகூட வேண்டாம். ஒழுங்கான ஃபோல்டரும், ஒரு எக்செல் தாளும், பெயர் வைப்பதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தால் போதும்.

பிரதி எடுப்பதை மட்டும் யாரும் விடக்கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் உறவினர் ஒருவர் எங்களுக்கு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவர் கடையின் தகரக் கூரை பறந்து, அலமாரியில் இருந்த ஹார்ட் டிஸ்குகள் எல்லாம் நனைந்துபோயின. எத்தனையோ குடும்பங்களின் கல்யாணம் அதில் இருந்தது. டெல்டாவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க முடியாது. எங்கள் மூன்றாவது பிரதி கோயம்புத்தூரில் இருக்கிறது.

இப்போது பழைய படங்களுக்கு வந்திருக்கிறோம். கம்பெனி ஆரம்பித்த காலத்து ஆல்பங்கள், 1980-களில் எடுத்தவை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஸ்கேன் செய்வது சுலபமாக முடிந்துவிட்டது. சீட்டு எழுத எங்கள் யாராலும் முடியவில்லை. அந்தக் காலத்து ஆட்களில், விளம்பரப் பலகையில் நாங்கள் கேட்காமல் போட்ட அந்தப் பெரியவர்தான் இன்று இருக்கிறார். தயங்கித் தயங்கித்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்னத்தின் கழுத்து வளைவைப் பார்த்தே வார்த்தது யார் என்று சொல்கிறார். “இது எங்க அப்பா கை” என்று ஒரு படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நாங்கள் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்த விளக்கும் அந்த ஆல்பத்தில் இருந்தது. “ஐயா, இது எத்தனை அடி?” என்று கேட்டேன். “ரெண்டரை. மூணு பேர் சேர்ந்து செஞ்சது” என்று சொல்லி, மூன்று பேரின் பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

இன்னும் இரண்டு ஆல்பங்கள் மிச்சம் இருக்கின்றன. வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.

வணக்கம், நேயர்களே.