ஸ்கேன் எடுத்தாச்சு சிஸ்டர்

வணக்கம். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து சாயாவோடு உட்கார்ந்திருக்கும் குலசேகரம் பக்கத்து அக்காமாருக்கும், மீன் விற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும் குளச்சல் அக்காமாருக்கும் சேர்த்தே பேசுகிறேன். அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் மருந்து சொல்ல மாட்டேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மைனியிடம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்கேன் எடுத்தாச்சு சிஸ்டர், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள்.) இந்தப் பதிலை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

வயிற்றில் ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேனில் கர்ப்பப்பையின் அளவு தெரியும், ஃபைப்ராய்டு கட்டி தெரியும், சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் தெரியும். ஆனால் கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் செல்கள் மெல்ல மாறத் தொடங்கியிருப்பது, அதாவது புற்றுநோயாக ஆவதற்கு முந்தைய கட்டம், அதில் தெரியவே தெரியாது. அதற்கு உள்ளே பார்த்தாக வேண்டும், அல்லது அந்த இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் செய்வது வி.ஐ.ஏ. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம்தான், 3 முதல் 5 சதவீதம் கலந்தது, அதைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தொட்டு வைத்து ஒரு நிமிடம் காத்திருப்போம். செல்லில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுப் போலத் தெரியும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இன்னும் கூர்ந்து பார்க்கணும் என்று அர்த்தம், அவ்வளவுதான். 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்யச் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குச் செல் மாறுகிற இடம் உள்ளே போய்விடுவதால் இதில் சரியாகத் தெரியாமல் போகலாம், அவர்களுக்குச் செல்லைத் தடவி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற பாப் ஸ்மியரோ, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற எச்.பி.வி. டெஸ்டோதான் நல்லது.

பாப் ஸ்மியர் என்ற பெயர் பாபனிகோலாவ் என்கிற டாக்டருடையது, கிரேக்கர், அமெரிக்காவில் வேலை பார்த்தவர். பரிசோதனைக்காக வருடக்கணக்காகத் தன் உடம்பிலிருந்து மாதிரி கொடுத்துக்கொண்டே இருந்தவர் அவர் மனைவி. பெயர் என்னவோ வீட்டுக்காரருக்குத்தான் போனது, சரி விடுங்கள்.

எச்.பி.வி. என்கிற வைரஸ்தான் இந்தப் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட முழுக் காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உறவு வழியாகப் பரவுவதுதான், ஆனால் டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் சண்டை வேண்டாம். தாம்பத்தியத்தில் இருக்கிற பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்துபோவதுதான் அது, எந்த வருடம் யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. அதிகம் பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கிவிட்டால்தான் பிரச்சினை, அதுவும் புற்றுநோயாக மாற பொதுவாக 15, 20 வருடம் எடுக்கிறது. இவ்வளவு காலம் கையில் கொடுத்துவிட்டு வருகிற நோய் வேறு ஏது? அந்த வருடங்களை எல்லாம் சும்மா விட்டுவிட்டு, ரத்தப்போக்கு வந்த பிறகு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலை பஸ் ஏறுகிறோம்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரிதான், 91.75 சதவீதம். படிக்காததால் வராமல் இல்லை. வெட்கம். அந்த வெட்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஓ.பி.யில் நாற்பது பேர் நிற்கும்போது, "வெள்ளை படுதா? எத்தனை நாளா?" என்று கத்திக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இன்னொன்று: மற்றவர்களுக்கெல்லாம் உள்ளே விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் கருவியை எடுத்துக் கொடுத்த நான், என் டெஸ்டை 51 வயதுவரை தள்ளிப்போட்டேன். தெரிந்த டாக்டர் முன்னால் எப்படிப் படுப்பது என்றுதான். படுத்தேன். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு இறுக்கம் இருந்தது, மூச்சை இழுத்து விட்டதும் தளர்ந்தது. சேலையைச் சரிசெய்துகொள்ள எடுத்த நேரம் அதைவிட அதிகம்.

போகிறவர்கள் மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முந்தின இரண்டு நாள் தாம்பத்திய உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலோ, டெஸ்ட் நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது, போட்டாலும் பெரியவளானபின் டெஸ்ட் வேண்டும்தான்.

அப்புறம், ஸ்கேனுக்கு மூத்திரம் முட்ட முட்டத் தண்ணீர் குடித்து உட்கார வைப்பார்களே, இதற்கு அது தலைகீழ். மைனி, கேட்டுக்கொண்டிருப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கு நின்று நாலு வருஷமாச்சு, நாள் பார்க்கவே வேண்டாம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வாசல்ல வந்து நிப்பேன். தண்ணி குடிச்சு வயிற்றை முட்டவெச்சுக்கிட்டு வந்துடாதீங்க.