எஸ் அலை எங்கே காணாமப் போச்சு?

[திரை: ஐஸ்லாந்து வரைபடம், வடகிழக்குப் பக்கம் பெரிதாகிறது]

கிராஃப்லா எரிமலை. 1975-ல இருந்து 1984 வரைக்கும் இங்க பூமி அடங்கவே இல்ல, விட்டு விட்டுக் குமுறிக்கிட்டே இருந்துச்சு. அதே வருஷங்கள்ல அதே இடத்துல புவிவெப்ப மின் நிலையமும் கட்டினாங்க. துணிச்சல்தான்! பக்கத்துல நாமஃப்யாட்ல்ங்கற இடத்துல, 1977 செப்டம்பர்ல, ஆழ்துளைக் கிணறு வழியா மாக்மாவே, அதாவது உருகின பாறையே, வெளிய தெறிச்சுது.

[திரை: மேலும் கீழுமாக இரண்டு அதிர்வுக் கோடுகள் – மாதிரிப் படம்]

ரெண்டுமே நிலநடுக்க அலையைப் பதிவு பண்ணின கோடுகள். மேல் கோட்டைப் பாருங்க. முதல்ல ஒரு சின்னத் துடிப்பு, அது பி அலை. அப்புறம் பெரிய ஆட்டம், அது எஸ் அலை. கீழ் கோட்டுல பி வந்திருக்கு. எஸ் வரவேண்டிய இடத்துல கோடு கிட்டத்தட்ட தட்டையா கிடக்கு.

பி அலை பாறையை அமுக்கி அமுக்கிப் போகும். திரவத்துக்குள்ளயும் போயிடும். எஸ் அலை பக்கவாட்டுல உலுக்குற அலை. திரவத்தை அப்படி உலுக்கினா அது எதிர்த்துத் திரும்பி வராது, அதனால அலை அங்கயே செத்துடும். எந்த நிலநடுக்கத்தோட எஸ் அலை எந்த அதிர்வுப் பதிவு நிலையத்துக்கு வந்து சேரலைன்னு கோடு போட்டுப் பார்த்து, சுமார் 3 கி.மீ. ஆழத்துல மாக்மா அறை இருக்குன்னு நிலநடுக்க ஆய்வாளர் பால் எய்னார்சன் 1978-ல எழுதினார்.

இது முழுசா மறையற கதை. புவிவெப்பப் பகுதியில பெரும்பாலும் அலை மறையறதில்ல, இளைக்குது. தூரம் போகப் போகப் பரவி இளைக்கறது எங்கயும் உண்டு. விரிசல்கள்ல மோதிச் சிதறவும் செய்யும். ஆனா விஷயம் இருக்கறது விரிசலுக்குள்ள.

[திரை: விரிசல் நெருக்கத்தில், நீலம் தண்ணீர், வெள்ளை நீராவி]

அலை அமுக்கும்போது இந்தத் தண்ணி பக்கத்து இடுக்குக்குப் பிதுங்கி ஓடுது. அந்த உராய்வுல அலையோட சக்தி சூடா மாறிடுது. நீராவியும் கலந்திருந்தா பிதுங்க இடம் தாராளம், அப்போ பி அலைக்குத்தான் அடி அதிகம். முழுக்கத் தண்ணி நிரம்பிட்டா பி தப்பிச்சுக்கும், எஸ்தான் கூடுதலா இளைக்கும். கீழ நீராவியா தண்ணியான்னு தோண்டாமலே ஊகிக்க இது ஒரு வழி.

பாறை எவ்வளவு சக்தியைத் தின்னுதுன்னு சொல்ற எண் கியூ. கியூ குறைஞ்சா இழப்பு அதிகம். 10 ஹெர்ட்ஸ் அலை, அதாவது நொடிக்கு 10 தடவை ஆடற அலை, 2 நொடி பயணம் பண்ணுதுன்னு வைங்க. கியூ 500-ன்னா வீச்சுல, அதாவது ஆட்டத்தோட அளவுல, 88 சதவீதம் மிஞ்சும். கியூ 50-ன்னா 28 சதவீதம்தான். அதே கியூ 50-ல 1 ஹெர்ட்ஸ் அலைக்கு 88 மிஞ்சுது. தூரத்துல ஸ்பீக்கர் போட்டா பாட்டு வரி கேக்காம டம் டம் மட்டும் கேக்குமே, அதே கணக்கு.

[திரை: துளையிடும் கோபுரம்]

2009-ல கிராஃப்லாவுல 4.5 கி.மீ. வரைக்கும் துளை போடத் திட்டம். 2.1 கி.மீ.லயே மாக்மா குறுக்க வந்துடுச்சு. யாரும் எதிர்பார்க்கல. எஸ் அலை ஏன் காட்டிக் குடுக்கலன்னா, ஒரு காரணம் இப்படி இருக்கலாம். நொடிக்கு 3 கி.மீ. போற 10 ஹெர்ட்ஸ் எஸ் அலையோட நீளம் 300 மீட்டர். அதைவிட ரொம்பச் சின்னப் பையில மாக்மா கிடந்தா, அலை சுத்தி வளைஞ்சு மறுபக்கம் சேர்ந்துக்கும். எஸ் காணாமப் போற நிழலே விழாது.