சிறிய கல்லூரிகள் செதுக்கிய பெரிய ஆட்டம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்தே தொடங்குவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியதே முதல் கல்லூரிப் போட்டி எனக் கொள்ளப்படுகிறது. பக்கத்துக்கு 25 பேர், உருண்டைப் பந்து, அதைக் கையில் ஏந்தி ஓடத் தடை என்று இன்றைய ஆட்டத்தின் சாயலே இல்லாத அந்தப் போட்டியில் ரட்கர்ஸ் 6-4 என வென்றது. பின்னர் யேலைச் சேர்ந்த வால்டர் கேம்ப், அணிக்கு 11 பேர் என்பதையும், மூன்று முயற்சிகளில் 5 கெஜம் முன்னேறாத அணி பந்தை இழக்கும் என்பதையும் விதிகளாக்கி, ரக்பியிலிருந்து இதைத் தனி ஆட்டமாகப் பிரித்தெடுத்தார். ஆனால் இன்றைய ஆட்டத்துக்கு உயிர் தரும் பழக்கங்கள் பல, அந்தப் பெரிய வாசல்களுக்கு வெளியே பிறந்தவை. அவற்றுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பாக வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று திட்டம் பேசும் ‘ஹடில்’ பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது வாஷிங்டனில் காது கேளாதோருக்காக நடத்தப்படும் காலடெட் கல்லூரியில் 1890களில் உருவானதாகப் பரவலாக ஏற்கப்படுகிறது. அந்த அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் வீரரான ‘குவாட்டர்பேக்’ பால் ஹப்பார்டு சைகை மொழியில் கட்டளை தருவார். சைகை அறிந்த எதிரணியினர் அதைத் தொலைவிலிருந்தே படித்துவிடக்கூடும் என்பதால், தன் வீரர்களை அருகழைத்து, அவர்களின் உடல்களையே திரையாக்கிக் கைகளை மறைத்துக்கொண்டார்.

அக்காலத்து ஆட்டம் கொடூரமானது. 1892 இல் ஹார்வர்டு அறிமுகப்படுத்திய ஆப்பு வடிவ வியூகத்தில், வீரர்கள் ஓடிவந்து ஒரே புள்ளியில் எதிரணியைத் தாக்கினர். அந்த வியூகம் விரைவில் தடைசெய்யப்பட்ட பின்னரும் கூட்டமாக மோதும் முறை ஓயவில்லை. 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் குறைந்தது 18 பேர் உயிரிழந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தை விரித்து மோதலைத் தளர்த்தும் நோக்கில், பந்தை முன்னோக்கி எறியும் உரிமை 1906 இல் விதியாக்கப்பட்டது.

அந்த உரிமையைப் பெரிய அணிகள் தயக்கத்துடன் பார்த்தன. யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும் என்பதால் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. துணிந்தது மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். 1906 செப்டம்பர் 5 அன்று அதன் வீரர் பிராட்பரி ராபின்சன் விதிப்படியான முதல் முன்னெறிதலை எறிந்தார். அது தவறியது, எனினும் அதே ஆட்டத்தில் அவர் எறிந்த இன்னொரு பந்து, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி ஈட்டும் ‘டச்டவுன்’ ஆனது. அந்த ஆண்டு அவ்வணி ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றது. முன்னெறிதல் 1913 இல் நோட்டர் டேம் அணியால் தொடங்கியது என்று பலர் இன்றும் நம்புவது, செயின்ட் லூயிஸ் அணிக்கு இழைக்கப்படும் அநீதி.

1907 இலேயே இந்த எறிதலைக் கலையாக வளர்த்தவர்கள் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி மாணவர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடைவிதித்து நடத்தப்பட்ட பள்ளி அது. அந்த வேதனையின் நடுவிலும், உடல் பருமனில் தம்மை மிஞ்சிய அணிகளை அவர்கள் வேகத்தாலும் மதிநுட்பத்தாலும் வென்றார்கள் என்பதை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது. 1911 இல் ஹார்வர்டை 18-15 எனவும், 1912 இல் பின்னாளைய குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஆடிய ராணுவக் கல்லூரி அணியை 27-6 எனவும் வீழ்த்தினார்கள்.

இவ்விரண்டு வெற்றிகளிலும் முன்னின்றவர் கார்லைலின் பூர்வகுடி வீரர் ஜிம் தார்ப். 1920 இல் ஒகையோ மாநிலத்தின் கான்டன் நகரில், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் அணி உரிமையாளர்கள் கூடி, இன்றைய தேசியக் கால்பந்து லீக்கின் தொடக்கமான தொழில்முறைச் சங்கத்தை அமைத்தபோது, அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் இயற்றப்பட அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் ஆயின.

நன்றி, வணக்கம்.