கொழுக்கட்டைப் புல்ல எங்க போடணும், எங்க போடக்கூடாது

(அணைக்கட்டு பக்கம் ஆடு மாடு வளர்க்கறவங்க கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டான்னு இந்த வெயில்ல கெளம்பி வந்திருக்கீங்க, ஆட்டை யார்கிட்டயோ விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எங்க போனாலும் ஜனங்க ஒரே கேள்விதான் கேக்கறாங்க, தண்ணி பாய்ச்சாம வளர்ற புல்லு எதுனா இருக்குதா, இருந்தா மலை மேலயும் அடிவாரத்துலயும் பூரா தூவிடலாமான்னு. புல்லு இருக்குது. பூரா தூவறதத்தான் வேணாம்னு சொல்ல வந்திருக்கேன்.

நான் சொல்றது கொழுக்கட்டைப் புல்லு. கதிரு நரிவாலு மாதிரி புசுபுசுன்னு இருக்கும், வரப்புல நடந்தா வேட்டியில ஒட்டிக்கினு வரும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டைப் புல்லுன்னு கோ 1 ரகம் குடுத்திருக்காங்க, அதுவும் இந்தக் குடும்பந்தான். ஒரு தூரைத் தோண்டிப் பாருங்க, அடித்தண்டு தடிச்சுப் போயிருக்கும், சத்த அங்கதான் சேத்து வெச்சிருக்குது. வேரு ரெண்டு மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். சித்திரை வைகாசியில 40 டிகிரிக்கு மேல காயும்போது மேல எல்லாம் சருகாயிடும், செத்துடுச்சுன்னு நெனைப்பீங்க, ஒரு மழை பேஞ்சா போதும், ஒரு வாரத்துக்குள்ள அடியில இருந்து பச்சை கெளம்பிடும். இன்னொண்ணு, பெரும்பாலும் ஆண் கரு, பெண் கரு சேராமலே விதை புடிக்கற ஜாதி இது, தாய்ச் செடி எப்படியோ அப்படியேதான் அத்தனை குட்டியும் வரும். ஒரே ஒரு தூரு போதும், ஒரு மேடு முழுக்கப் பரவ.

இந்தக் கொணமெல்லாம் கேக்க நல்லா இருக்குது இல்ல? ஆஸ்திரேலியாவுல இதையே என்ன பாடு படறாங்கன்னு கேளுங்க. அந்த நாட்டு நடுப்பகுதிக்கு இது 1800கள்ல ஒட்டகச் சேணத்துல அடைச்ச புல்லோட வந்ததுன்னு சொல்றாங்க. அப்புறம் மாட்டுப் பண்ணைக்காரங்க வேணும்னே விதைச்சாங்க, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் புழுதி அடங்கணும்னும் போட்டாங்க. புழுதி அடங்குச்சு, மாடும் கொழுத்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அங்க ஓடற டாட் ஆறு நம்ம பாலாறு கணக்கா வருஷத்துல பாதிக்கு மேல வெறும் மணலு, கரையில பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்க. அந்தக் கரையெல்லாம் புல்லு மண்டிடுச்சு, காஞ்சி நின்னப்ப தீ புடிச்சு பழைய மரங்க எரிஞ்சி சாயுது. அந்த மண்ணோட பழங்குடி ஜனங்க, நாங்க பறிச்ச பழம், தோண்டின கிழங்கு எல்லாம் இந்தப் புல்லுக்கு அடியில போயிடுச்சேன்னு அழறாங்க. தெற்கு ஆஸ்திரேலியா 2015லயே இதக் களைன்னு அறிவிச்சிட்டாங்க, வடக்குப் பிரதேசம் 2024லதான் அறிவிச்சாங்க, ரொம்ப லேட்டு.

அமெரிக்காவுல அரிசோனாவுலயும் இதே கதைதான், அதுல தீ எப்படி வேலை செய்யுதுன்னு இன்னும் தெளிவாத் தெரியும். அந்தப் பாலைவனத்துல செடிக்கும் செடிக்கும் நடுவுல வெறும் தரை இருக்கும், இடி விழுந்து ஒரு செடி எரிஞ்சாலும் பக்கத்துக்குத் தாவாது. அதனால அங்க இருக்கற சகுவாரோ கள்ளிக்குத் தீயத் தாங்கற பழக்கமே இல்ல. முதல் கிளை விடவே 50 வருஷத்துக்கு மேல ஆகற கள்ளி அது. இந்தப் புல்லு வந்து அந்த வெறும் தரைய அடைச்சிடுச்சு, ஒரு மூலையில வெச்ச நெருப்பு மலை முழுக்க ஓடுது, கள்ளி சாவுது, புல்லு மட்டும் அடித்தூருல இருந்து திரும்ப வருது, முன்னைய விட அதிகமா வருது. அரிசோனாவுல 2005ல இத ஆபத்தான களைப் பட்டியல்ல சேத்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. இது நமக்கு வெளியூரு புல்லு இல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுன்னு மேய்ச்சல் காடு வெச்சிருக்காங்க, கிளுவை வேலி, நடுநடுவுல வெள்வேலு மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. காங்கேயம் மாடு வளர்ந்ததே அதுலதான். அங்க இந்தப் புல்லு ஏன் தீ புடிச்சு காட்டை எரிக்கலன்னா, காய விடறதில்ல. ஒரு துண்டு மேஞ்சதும் அடுத்த துண்டுக்கு மாத்திக்கினே இருப்பாங்க. மேயற வாயி இருக்கற எடத்துல இது வரம், மேய ஆளில்லாத எடத்துல இது வெறும் எரிபொருளு, இதத்தான் நான் ஊரு ஊரா சொல்லிக்கினு இருக்கேன்.

நம்ம மலைங்களப் பாருங்க, பாதி வெறும் பாறை. மாசி பங்குனியில சாயங்காலம் மேல பாத்தா செவப்பா ஒரு கோடு ஊர்ந்துக்கினு போகும், யாரோ வெச்ச நெருப்பு. இருக்கற போதைப்புல்லும் ஊசிப்புல்லுமே இப்படி எரியுது, அதுல போயி இன்னும் அடர்த்தியா எரியறதத் தூவினா, வெப்பாலை, உசிலை, உசிரோட இருக்கற நாலு சந்தனக் கன்னு, எதுவும் தலை தூக்காது. சீமைக்கருவேலத்தையும் வெறகுக்கு நல்லதுன்னுதான் 1800கள்ல கொண்டாந்தாங்க, இன்னிக்கு ஏரியில இருந்து அத எடுக்க ஜேசிபி வெச்சும் முடியல.

ஊசிப்புல்லுன்னதும் ஒண்ணு சொல்லணும், தோலு விக்கிற ஊரு இது. ஊசிப்புல்லு விதை நுனி கூரா இருக்கும், ஈரம் பட்டா அந்த வாலு முறுக்கி முறுக்கி உள்ள எறங்கும், செம்மறி உடம்புல ரோமத்தத் தாண்டி தோலுக்குள்ளயே போயிடும். ஆம்பூர்லயோ பேரணாம்பட்டுலயோ தோலைப் பதப்படுத்தி வெளிச்சத்துல விரிச்சா பொட்டுப் பொட்டா தெரியும், வெல கொறஞ்சிடும். அதனால பூ விடறதுக்கு முன்னாடியே ஊசிப்புல்லுல மேச்சிடுங்க, எளசா இருந்தா ஆடும் விரும்பித் தின்னும். கொழுக்கட்டைப் புல்லு இந்த விஷயத்துல சாது, அதோட மசுரு ஒட்டுமே தவிர குத்தாது.

உங்க கொல்லமேட்டுல, மானாவாரி நெலத்துல போடுங்க, தாராளமாப் போடுங்க. ஏக்கருக்கு மூணு கிலோ விதை போதும். புதுசா உருவின விதை தூங்கும், மொளைக்காது, ஆறேழு மாசம் பழசா இருக்கறதாப் பாத்து வாங்குங்க. பஞ்சு கணக்கா காத்துல பறக்கும், ஈர மணலோட கலந்து தூவுங்க, ஆழமா மூடாதீங்க. மூணு வரி புல்லுக்கு ஒரு வரி முயல் மசால்ங்கற பயறு வகைத் தீவனச் செடி போடுங்க, மண்ணுக்கும் தழைச்சத்து, ஆட்டுக்கும் புரதம். மொத அறுப்புக்கு ரெண்டரை மாசம் ஆகும், அது வரைக்கும் ஆட்டை உள்ள விடாதீங்க, வேரோட புடுங்கிடும். வேம்பு, வேலான்னு இருக்கற மரத்தை வெட்டாதீங்க.

மலையை ஒட்டி கொல்லமேடு வெச்சிருக்கறவங்க மட்டும் இன்னொண்ணு செய்யணும். காடு பக்கம் ஒரு பத்தடி அகலத்துக்கு இந்தப் புல்லே வேணாம், சும்மா உழுது விடுங்க. மீதிய தை முடியறதுக்குள்ள அறுத்துப் போரு போட்டுடுங்க. மேய்க்கால் புறம்போக்குல விதைக்கறோம்னு யாராவது தீர்மானம் கொண்டாந்தா, அங்க யாரோட ஆடு எத்தனை நாளு மேயும், காஞ்சத யாரு அறுக்கறதுன்னு கிராம சபையில எழுந்து கேளுங்க, பதில் வந்ததுக்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.